ஒருவர் மட்டும் ஆடலாம்

துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையில்
இரண்டு தொலைபேசி, ஒரு பதிவேடு, நான்.
ஃபேன் நின்று ஒரு மணி நேரம் ஆகிறது.
எமர்ஜென்சி விளக்கின் வெள்ளை வட்டத்துக்குள்
பெட்டியைத் திறக்கிறேன்.

அட்டையில் அச்சாகியிருந்தது ஏதோ அமெரிக்க ஊர்.
தேவாலயம், பெட்ரோல் பங்க், ஷெரீப் வீடு.
போன மழைக்காலத்திலேயே அதன்மேல்
சீட்டு வெட்டி ஒட்டிவிட்டேன்:
மஞ்சக்குப்பம் மைதானம், கெடிலம் பாலம்,
திருப்பாதிரிப்புலியூர் தேரடி, ஓ.டி. மார்க்கெட்,
உப்பனாற்றுக்கு அப்பால் குப்பத்துப் பள்ளிக்கூடம்.
ஷெரீப்பை என்ன செய்வதென்று தெரியாமல்
வி.ஏ.ஓ. ஆக்கினேன்.

நாலு திசையிலிருந்தும் நடைப்பிணங்கள் வரும்.
சாம்பல் நிறம், கட்டைவிரல் நகமளவு,
கையை நீட்டியபடி எல்லாம் ஒரே அச்சு.
தடுக்க என்னிடம் நாலே பேர்.
நீலம், படகுக்காரர் அஞ்சாப்புலி.
பச்சை, நர்ஸ் பிலோமினா.
மஞ்சள், சைக்கிள் கடை முபாரக்.
சிவப்பு எங்கேயோ தொலைந்துபோய்
அவன் இடத்தில் ஒரு சட்டைப் பட்டன் நிற்கிறது.
பாலத்தில்தான் எப்போதும் நிறுத்துவேன்.
பெயர் வைக்கவில்லை.

பத்துச் சுற்று தாக்குப்பிடித்தால் விடியும்.
விதி அவ்வளவுதான்.
கஷ்டம் வேறு இடத்தில்:
வலது கையால் ஊரைக் காக்கவேண்டும்,
இடது கையால் பிணங்களை நகர்த்தவேண்டும்.
அவற்றுக்குக் கண் இல்லை, அசதி இல்லை,
என் விரலைத் தவிர வேறு கால் இல்லை.
நான் சும்மா இருந்தால் ஒருவரும் சாகமாட்டார்கள்.
நகர்த்துகிறேன்.

பகடையைத் திருப்பிப் போட எவ்வளவு நேரமாகும்,
பார்க்க ஆளில்லாத அறையில்?
ஒரே ஒரு தடவை போட்டிருக்கிறேன்.
முபாரக் பிழைத்துக்கொண்டான்.
ஆட்டம் முடியும்வரை
அவன் நின்ற பக்கம் நான் திரும்பவில்லை.

மூன்றாம் சுற்றில் பள்ளிக்கூடம் விழுந்தது.
தொலைபேசி.
“சார், நாளைக்கு ஸ்கூல் லீவா?”
நாலாம் சுற்று. “லீவா சார்?”
ஐந்தில் தாழங்குடாவிலிருந்து ஒருவர்,
படகை எவ்வளவு தூரம் இழுத்துப் போடணும் என்றார்.
அவர் குரலைவிட அவர் பின்னால் காற்று
நன்றாகக் கேட்டது.
ஆறில் மார்க்கெட் போயிற்று, பிலோமினாவோடு.

எட்டாம் சுற்று.
“சோனாங்குப்பம் சார். தெருவுல தண்ணி வந்துருச்சு.
பதினோரு பேரு இருக்கோம். எங்க போறது?”

பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.
கண் அட்டையில் இருந்தது.
அது விழுந்ததற்குப் பிணங்கள் காரணமில்லை.
கதவு பூட்டியிருந்தது,
சாவிச் சீட்டு கடைசிவரை என் கைக்கு வரவில்லை.
“லைன்ல இருங்க.”

பதிவேட்டில் விரலை ஓட்டி
வாட்ச்மேன் செங்கேணி எண்ணைக் கண்டுபிடித்து
இன்னொரு தொலைபேசியில் மூன்று தடவை அடித்தேன்.
நாலாவதில் தூக்கம் கலையாத குரல்:
“சாவியா? எங்கிட்டதான், வீட்டுல பத்திரமா இருக்கு.”
“ஓடுங்க.”
“சார், மழை...”
“ஓடுங்க.”

நாற்பது நிமிஷம் பகடையைத் தொடவில்லை.
பாலத்தின் மேல் ஏழு பிணங்கள்
நீட்டிய கை நீட்டியபடி
பட்டனுக்கு எதிரே காத்திருந்தன.
இவ்வளவு மரியாதையை
அவற்றிடம் நான் எதிர்பார்த்ததில்லை.

மூன்று பத்துக்கு அதே குரல்:
“உள்ள வந்துட்டோம் சார். பன்னெண்டு பேரு.”
“பதினொன்னுன்னீங்க?”
“வாட்ச்மேனும் இங்கதான் இருக்காரு.”
நேரம், எண்ணிக்கை, கையெழுத்து.

புயல் மரக்காணம் பக்கம் ஒதுங்கிப் போனதாக
ஐந்தரைக்குச் செய்தி வந்தது.
ஆறு மணிக்குப் பெருக்க வந்த பொற்கொடி
மேசையைத் துடைக்கத் துணியோடு குனிந்து
“இதுல யாரு நம்மாளு?” என்றாள்.

என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டேன்.

அவள் பதிலுக்கு நிற்கவில்லை.
“ஐய, இது பட்டன்ல” என்று எடுத்து
என் சட்டையைப் பார்த்தாள்,
மேலிருந்து மூன்றாவது இடம்.
நீட்டினாள்.
ஒன்பதாம் சுற்று பாக்கி இருக்கிறது என்று
அவளிடம் எப்படிச் சொல்வது.