பின்னால் எட்டுப் பேர்

அரையிறுதி, பெனால்டியில் போனது.
மார்க்கம் வீதி டோனட் கடையில்
இரவு பத்தரை வரைக்கும்
நாங்கள் தோற்றுக்கொண்டேயிருந்தோம்.

"இதுவும் ஒரு விளையாட்டே?
கோலுக்கு முன்னால பஸ்ஸைக் கொண்டந்து விட்டிட்டான்."
கெங்காதரன் சீனிப் பைக்கற்றுகளை அடுக்கினான்,
ஒரே வரியில் எட்டு.
"இடப்பக்கத்தை வேணுமெண்டுதான் திறந்து விட்டவன்.
தர்சீபன்ரை இடக்கால்
சும்மா நிக்கத்தான் எண்டு ஆரோ சொல்லியிருக்கிறாங்கள்."
ஒருவரும் தர்சீபனைப் பார்க்கவில்லை.
அவன் கணுக்காலில் கட்டிய ஐஸ்
தரையெல்லாம் தண்ணீர்.

"கோழை" என்றார் றெஜினோல்ட் அண்ணை.
"வெண்ட கோழை" என்றாள் சுகிர்தா,
கோப்பியின் அடி மண்டியைக் குடித்து.

வெளியே ஒக்டோபர் மழை.
நூற்றிரண்டாம் நம்பர் வந்து நின்றது.
கதவு திறந்தால்
சாரதி இருக்கையில் அவர்,
எதிர் அணியின் கோச், அருளப்பு.
பகல் முழுக்கக் கோட்டுக்கு வெளியே நின்று
கத்தின தொண்டை, கமறியது.
தர்சீபனின் காலைப் பார்த்தார்.
ஒரு பொத்தானை அமத்த
பஸ் பெருமூச்சு விட்டுச் சரிந்து
நடைபாதை மட்டத்துக்குத் தாழ்ந்தது.

எல்ஸ்மியர் தாண்ட, கெங்காதரனால் பொறுக்க முடியவில்லை.
மஞ்சள் கோடு வரைக்கும் போனான்.
"எழுபதாவது நிமிசம்
ஏன் அந்தப் பத்தாம் நம்பரை வெளியில எடுத்தனீங்கள்?"
"ஓடேக்கை கதைக்கக் கூடாது."

லோறன்ஸில் சிவப்பு.
"பிள்ளை பிறந்து ரெண்டு நாள்.
பெடியன் நித்திரையில்லை" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் பச்சை.
கெங்காதரனின் சட்டைப் பைக்குள்
எட்டுச் சீனிப் பைக்கற்.