அதிகஷ்டப் பிரதேசம்

நியமனக் கடிதத்தில் ஊரின் பெயருக்கு அடுத்து
அடைப்புக்குறிக்குள் அப்படித்தான் இருந்தது.
அப்பா இரண்டு தரம் வாசித்தார்.
மஸ்கெலியாவில் நம்ம லயத்துக்கு
எவனும் இப்படி எழுதித் தரலியே,
தந்திருந்தா கொடுப்பனவாச்சும் கெடச்சிருக்கும் என்றார்.
அம்மா சிரிக்கவில்லை.
வடக்கே போகிறவளுக்கு
மாதுளை நிறச் சுவெட்டரை மடித்து வைத்தாள்.
தூரம் என்றால் அவளுக்குக் குளிர்தான்.

திருகோணமலையில் பஸ் மாறினேன்.
வெள்ளைக்காரர்கள் நிலாவெளியோடு இறங்கிவிட்டார்கள்.
இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி.
ஒவ்வொரு தரிப்பிலும் யாரோ இறங்கினார்கள்,
ஏறத்தான் ஆளில்லை.
வலப்பக்கம் கடல்.
பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கொழும்பில் பார்த்தது
அதன் ஓரம் மட்டும்தான் போல.
இது விடாமல் கூடவே வந்தது,
பதில் தெரியாத கேள்வி மாதிரி.

மிஸ்ஸி, திரும்பிப் போற பஸ் நேரம் எழுதித் தரவா,
என்று கண்டக்டர் கேட்டான்.
வந்த எல்லா மிஸ்ஸிமாரும்
முதலில் கேட்பது அதைத்தானாம்.
வேண்டாம் என்றேன், வீம்புக்கு.
பிறகு நானே பலகையில் பார்த்து வைத்துக்கொண்டேன்.

புல்மோட்டைக்கு இப்பால், மணல் திரும்புகிற இடத்தில்
பன்னிரண்டு கட்டில்.
கிணற்றில் சவர்த் தண்ணீர்,
எங்கள் மலைத் தேயிலை தோற்றுப்போன தண்ணீர்.

முதல் கிழமை காதுக்குத்தான் வேலை.
வலிக்குதா என்று கேட்டால்
நோகுது என்றார்கள்.
எனக்கு வருத்தம் என்பது மனசில்,
இங்கே அது காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும்.
சிற்றூழியர் ஜெசீமா
கட்டில்களுக்கு நடுவே நின்று
தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தாள்.
டொக்டர் பிரியங்கர பேசியது மூன்றாவது தமிழ்.
அதற்கு அவளிடமும் அகராதி இல்லை.

மூன்றாம் சனி இரவு கரண்ட் இல்லை.
பிள்ளைப்பேறு ஒன்றோடு ஆம்புலன்ஸும்
அதோடு டொக்டரும் போயிருந்தார்கள்.
கரைவலைக்காரர் நான்கு பேர்
சலாகுதீனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.
திருக்கை முள். இடது பாதம்.
சாரத்தின் நுனியைக் கடித்தபடி
ஒரு சத்தமும் போடாமல் நடுங்கினார்.

புத்தகத்தில் அது நான்கு வரி,
பரீட்சைக்கு வராதென்று நான் தாண்டிய பக்கம்.
சுடுதண்ணீர், கை பொறுக்கும் சூடு, ஒன்றரை மணி நேரம்
என்பது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது.
அடுப்பில் ஜெசீமா தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில்.
வாளியில் ஊற்றினேன், பச்சைத் தண்ணீர் கலந்தேன்,
என் கையை விட்டுப் பார்த்தேன்.
எடுத்தேன். இன்னும் கலந்தேன். மறுபடி விட்டேன்.
பிறகு அவர் பாதம்.

கடல் காற்று வந்து வந்து வாளியை ஆற்றியது.
குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன்.
மாதுளை நிறத்தை வாளிக்குச் சுற்றி
கைகள் இரண்டையும் முன்னால் முடிச்சுப் போட்டேன்.
மெழுகுதிரி வெளிச்சத்தில்
வாளி யாரையோ கட்டிப்பிடித்திருப்பது மாதிரி இருந்தது.
ஜெசீமா சிரித்தாள், நானும்.
சிரித்துக்கொண்டே ஏழு கேத்தில் ஊற்றினோம்.

ஒரு நேரத்தில் சாரம் அவர் பல்லிலிருந்து நழுவியது.
நோ இறங்குது மிஸ்ஸி.
அட்டையில் எழுதுமுன்
அந்த ஓரெழுத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
நோ.

முள்ளின் நுனி உள்ளேதான் இருந்தது.
விடிய ஆம்புலன்ஸ் திரும்பியதும் அவரை அனுப்பினோம்.
விரல் ஒன்றை எடுத்தார்களாம்,
எடுக்கவேயில்லையாம்.
மீன்வாடியில் இரண்டு கதையும் உண்டு.

சுவெட்டர் கொடியில் காய்ந்து ஒரு சாண் சுருங்கிவிட்டது.
எத்தனை சோப்பு போட்டும் கருவாட்டு வாசம்.

ஞாயிறு, போனில் அம்மா:
சுவெட்டர் போடுறியா?
ஓம், என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
தகரத்தில் மழை விழுவது மட்டும் கேட்டது.
பிறகு அப்பாவிடம் திரும்பிச் சொல்கிறாள்,
ஓமாம்.