பார்வையாளர் வசதி

மார்ச் இருபத்தெட்டு.
மூன்று நாளில் செலவாகாத பணம்
வந்த வழியே திரும்பிப் போய்விடும்.
காட்சிப் பேழை கொள்முதலில் நாற்பதாயிரம் நிற்கிறது.
பேழை வைக்க இடமில்லை.
தண்ணீருக்குப் பணமில்லை,
லாரி வாசலில் நிற்கிறது.
ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை நகர்த்த
எனக்கு அதிகாரம் கிடையாது,
முத்திரை மட்டும் என் மேசையில் இருக்கிறது.

காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில்
பழைய உப்புக் கிடங்குதான் எங்கள் அருங்காட்சியகம்.
காலையில் முதல் வேலை துடைப்பது.
துறைமுகத்து நிலக்கரி ராத்திரியில்
டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்து
எல்லாப் பேழைமேலும் உட்கார்ந்திருக்கும்.
மாதம் முப்பது துணி கேட்டேன்.
பன்னிரண்டு தந்தார்கள்,
சிக்கனம் பற்றி மூன்று பக்கக் கடிதத்துடன்.

இரண்டாம் கூடத்தில் ஒரு வரைபடம்.
அதற்கு இருபத்துநான்கு டிகிரி வேண்டும், இரவும் பகலும்.
வாசலில் எபநேசரின் மின்விசிறி
மே மாதத்தில் முனக மட்டும் செய்யும்.
மின்கட்டணத்தில் கையெழுத்துப் போடும்போது
அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

தணிக்கைக்கு வந்தவர் பெயர் சிவசைலம்.
சாந்தமான மனிதர், மோர் மட்டும் குடித்தார்.
பேரேட்டில் விரலை வைத்துக் கேட்டார்:
போன வருஷம் நாளைக்குப் பதினொரு பேர்,
இந்த வருஷம் நூற்று நாற்பது.
புதிதாக என்ன வைத்தீர்கள், மேடம்?

ஒரு கதவு வைத்தேன் சார்.
பெண்கள் கழிவறைக்கு, உள்தாழ்ப்பாளோடு.
வாளி, குவளை,
பையை மாட்ட ஓர் ஆணி.

இப்படிச் சொல்லவில்லை.
'பார்வையாளர் வசதி மேம்படுத்தப்பட்டது' என்றேன்.

விடியலில் ஏலத்துக்குப் போய்
மதியம்வரை வெயிலில் குந்தி மீன் விற்கிறவர்களுக்கு
இந்தச் சாலையில் வேறு இடமில்லை.
கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஒதுங்கலாம்.
வரிசை நகர்ந்துவிட்டால்?
ஐந்து ரூபாய் கொடுத்து உள்ளே வருகிறார்கள்.
மெர்லின் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே
'நேரா போய் லெஃப்ட்டு' என்பாள்.
நேராகப் போவதென்றால்
கற்கோடரி, பீரங்கிக் குண்டு, கட்டுமரம் தாண்டிப் போவது.
சராசரி நான்கு நிமிடம்.
கூடத்தில் மீன் வாசம் சாயங்காலம்வரை இருக்கும்,
அதைப் பதிய ஒரு பத்தி இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் தேசம்மா
ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நின்றுவிட்டாள்.
'இன்னாம்மா இது, அணியம் செவுத்தப் பாத்து நிக்குது?
கடலுக்குப் போவுதா, முட்டிக்கப் போவுதா?'

பதினேழு வருஷமாக அப்படித்தான் நிற்கிறது.
மூன்று இயக்குநர்கள் அதன்முன் படம் எடுத்துக்கொண்டார்கள்.
நானும் ஆண்டுதோறும் அதை எண்ணி
'ஒன்று, நல்ல நிலையில்' என்று எழுதியிருக்கிறேன்.
இருப்புப் பதிவேட்டில் அதன் மதிப்பு ரூபாய் ஒன்று.
திருப்பி வைக்க ஆறு ஆள், கயிறு, சாப்பாடு,
இரண்டாயிரத்து நானூறு.

கட்டுமரத்தைத் திருப்பத் தலைப்பு ஏது?
கழிவறைப் பராமரிப்பில் கொஞ்சம் மிச்சமிருந்தது.
'அடைப்பு நீக்கம், ஆறு ஆள்' என்று எழுதித்
தேதி போட்டேன்.
அந்தப் பணம் இருந்திருந்தால்
இன்றைக்கு மூன்று லாரித் தண்ணீர்.

சிவசைலம் அந்த ரசீதில் நின்றார்.
'ஆறு ஆளா? அவ்வளவு பெரிய அடைப்பா?'
பழைய அடைப்பு சார், என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.
'அஞ்சு ரூபா சார். நேரா போய் ரைட்டு.'

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்பது நிமிடம்.
திரும்பி வந்தவர் எதுவும் எழுதவில்லை,
எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை.
பக்கத்தில் ஒரு காகிதத்துண்டைச் செருகி வைத்தார்.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.
என் கைப்பையிலிருந்து எண்ணூறு கொடுத்தேன்.
பழக்கம் விடவில்லை,
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன்.
எந்தத் தலைப்பில் ஒட்டுவதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.