சான்றுப்பொருள்: தேசிக்காய் ஏழு

மல்லாகம் நீதிமன்றில் எனக்கொரு கதிரை உண்டு,
கூண்டுக்கும் மேசைக்கும் நடுவில்.
பொலிஸ் சிங்களத்தில் எழுதும். சட்டம் இங்கிலிசில் பிறந்தது.
கூண்டில் நிற்கிறவருக்குத் தமிழ் மட்டும்தான்.
நான் சொல் மாற்றிச் சம்பளம் எடுக்கிறவள்.

பச்சை மட்டைக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன்.
சஸ்பெக்ட், சந்தேகநபர்.
அக்கியூஸ்ட், எதிரி.
ஓம், எங்கள் நீதிமன்றத் தமிழில் எதிரிதான்:
ஒன்றும் நிரூபிக்க முன்னமே,
பெயரைக் கூப்பிட்ட உடனே எதிரி.
ஒஃபெண்டர், கன்விக்ட், கல்பிறிட்
மூன்று பேரையும் குற்றவாளி என்ற ஒரே சாக்கில் கட்டுகிறேன்.
சாங்ஷனுக்கு எதிரே கேள்விக்குறி.
அனுமதியும் அதுதானாம், தண்டனையும் அதுதானாம்.
சிரிக்கப் போனேன்; எங்கள் விலக்கு நினைவுக்கு வந்தது.
விலக்கு என்றால் கூடாது.
விலக்கு அளித்தால் கூடும்.
மாதத்தில் மூன்று நாள் நானே விலக்கு.

பான் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

தொண்ணூற்றிரண்டில் எனக்குப் பதின்மூன்று வயது.
பக்கத்து வளவு ஸ்ரேசன் மாஸ்ரர்
சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுற்றி, இங்கிலிஸ் செய்தி கேட்டு
வேலிக்கு மேலால் சொல்லுவார்:
பற்றரி பான். சவுக்காரம் பான். சீமெந்து பான்.
எனக்கு அது பாண் என்றே காதில் விழுந்தது.
பேக்கரியில் மா இல்லாத மாதம் அது.
இவ்வளவு பாணையும் எங்கே அடுக்கியிருப்பார்கள் என்று
இரவு முழுக்க யோசித்தேன்.

பிறகு யோகாம்பிகைச் சின்னம்மா
வவுனியாவில் ஒரு றாத்தல் பாண் வாங்கி,
அடியைக் கீறி, உள்ளைத் தோண்டித் தான் தின்று,
நாலு பென்ரோர்ச் பற்றரியை உள்ளே படுக்க வைத்தா.
என் பள்ளிக்கூடப் பையில் போட்டா.
"சின்னப்பிள்ளையின்ர பாணை ஆர் பிய்க்கப் போறாங்கள்?"
சென்றியில் ஒருத்தன் பாணைத் தட்டிப் பார்த்தான்.
அவனுக்கும் பசியோ என்னவோ, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான்.
போ என்றான்.

கிளாலியில் இருட்டுக்குள் வள்ளம் எங்களைக் கடத்தியது.
நாங்கள் பற்றரியைக் கடத்தினோம்.
அந்த வருசத்தை எல்லாரும் எப்படியோ கடத்தினார்கள்.
கொன்ரபாண்ட் என்று இப்போது எழுதும்போது
அதற்குள்ளும் ஒரு பாண் கிடக்கிறது.

இன்றைக்கு எதிரி அருமைத்துரை, வயது எழுபத்தொன்று,
வசாவிளான்.
முள்ளுக்கம்பிக்கு உள்ளே போய்த் தேசிக்காய் பிடுங்கினாராம்.
ஏழு காய்.
மேசையில் பொலித்தீன் பையில், இலக்கம் ஒட்டி,
சுருங்கிக் கறுத்து.
ட்ரெஸ்பாஸ் என்று வாசித்தார்கள்.
கொப்பி தேவைப்படவில்லை, மனப்பாடம்.
அத்துமீறி உட்புகுந்தீர் என்றேன்,
சத்தியம் செய்த குரலில்.

அவர் என்னைத்தான் பார்த்தார்,
ஏதோ நான் போட்ட வழக்கு மாதிரி.
"எந்த அத்து பிள்ளை?
அந்த வடக்கு வேலிக் கதியால் முழுக்க நான் நட்டது.
அவங்கட கம்பி என்ர கிளுவையிலதான் கட்டியிருக்கு."

நீதவான் என் பக்கம் திரும்பினார்: என்ன சொல்கிறார்?
அவருக்குத் தமிழ் தெரியும்.
பதிவுக்காகக் கேட்கிறார்.

கதியாலுக்கு இங்கிலிசில் என்ன?
வேலிக்கம்பு என்றால் செத்த தடி.
இது முளைக்கிற தடி, ஐயா,
நட்டவனையும் விட உயரமாய்ப் போகிற தடி.
இவ்வளவும் எனக்குள் ஓடி முடிய
எதிரி எல்லைபற்றிப் பிணங்குகிறார் என்று
நாலே சொல்லில் மாற்றிக் கொடுத்தேன்.
பிழை ஒன்றும் இல்லை அதில்.
வழக்கு அடுத்த மாதம் பதினாறுக்குத் தவணை.

பின்னேரம் சந்திப் பேக்கரியில் ஒரு றாத்தல் வாங்கினேன்.
பணம் கொடுக்க முன்
பெருவிரல் தன்பாட்டில் அதன் அடியை அமத்திப் பார்த்தது.
"இப்பத்தான் இறக்கினது அக்கா," என்றான் பெடியன்,
"உள்ளுக்கு ஒண்டுமில்லை, பாண்தான்."