சரியாகப் பார்க்கவில்லை

மாதக் கடைசியில் காவல்துறையின் படிவங்கள் வரும்.
வானிலை: தெளிவு. தரை: உலர்ந்தது. வெளிச்சம்: பகல்.
காயம் என்ற கட்டத்துக்கு மூன்றே சொற்கள்:
லேசு, கடுமை, மரணம்.
இடுப்பு முறிந்து ஒரு வருடம் கிடந்தவரும்
ஓரிரவு மருத்துவமனையில் தூங்கி எழுந்தவரும்
என் திரையில் ஒரே ஆரஞ்சு நிறம்.

லிங்கன்ஷயரின் தாழ்நிலச் சாலைகளுக்கு
வரைபடத்தில் புள்ளி வைப்பது என் வேலை.
கடலிடமிருந்து பிடுங்கிய நிலம்.
மேடில்லை, மரமில்லை,
முட்டைக்கோஸும் வானமும்தான்.
வருகிற லாரியை ஒரு மைல் முன்னாலேயே பார்த்துவிடலாம்.
அப்படித்தான் நினைத்திருந்தோம்.

ஹாஸக் நாற்சந்தியில் எட்டு வருடத்தில் பதினோரு புள்ளிகள்.
காரணம் என்ற கட்டத்தில்
பதினோரு கையெழுத்தில் ஒரே வாசகம்:
ஓட்டுநர் சரியாகப் பார்க்கவில்லை.
ஒரு பல் மருத்துவர்,
ஓய்வு பெற்ற அஞ்சல்காரர்,
பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பிய தாதி.
நான்காவது புள்ளிக்குப் பிறகு எச்சரிக்கைப் பலகை வைத்தோம்,
ஏழாவதுக்குப் பிறகு அதைவிடப் பெரிய பலகை.
"கவனமில்லாத ஜனங்கள்," என்றார் கிளைவ், என் மேலதிகாரி.

பதினோராவது புள்ளிக்கு வைடோடாஸ் என்று பெயர்.
படிவத்தில் பெயர் வராது.
ஆண், முப்பத்து நான்கு, சைக்கிள், அவ்வளவுதான்.
பெயரைச் சொன்னவள் ரூட்டா,
அவனோடு ஒரே வரிசையில் கோஸ் அறுத்தவள்.
வேலைப் பூட்ஸில் சேறு காயாமல்
எங்கள் வரவேற்பறையில் நின்று கேட்டாள்:
"மஞ்சள் சட்டை போட்டிருந்தான்.
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
இன்னும் எப்படித் தெரிய வேண்டும்?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அன்றிரவு புள்ளிகளைக் கலைத்துப் போட்டேன்.
நேரப்படி அடுக்கினேன், ஒன்றுமில்லை.
மழைப்படி, மாதப்படி, ஒன்றுமில்லை.
யார் எந்தத் திசையிலிருந்து என்று அம்பு வரைந்தபோது
பதினொன்றில் ஒன்பது,
வலப்பக்கமிருந்து வந்தவர் மீது மோதியவை.
சாலைகளும் நேர்க்குறுக்காக வெட்டிக்கொள்ளவில்லை,
பாதி திறந்த கத்தரிக்கோல்போல் சாய்ந்து கிடந்தன.

சனிக்கிழமை என் சொந்தக் காரில் போனேன்.
பக்கத்து இருக்கையில் கிளைவ்,
கை பிரேக்கை இறுகப் பிடித்தபடி.
குறுக்குச் சாலையில் ரூட்டா, இரவல் சைக்கிளில்.
"தெரிகிறாளா?"
இல்லை.
"இப்போது?"
கோஸ். வானம். கோஸ்.
"இப்போது?"
கிளைவ் பிரேக்கை இழுத்துவிட்டார்.

கண்ணாடியின் ஓரத்தில்
மூன்று விரல் அகலக் கறுப்புத் தூண்,
கார் கவிழ்ந்தால் என் தலையைக் காக்கிறது.
அதன் பின்னாலிருந்து வந்தாள் ரூட்டா.
அரை மைலாக அங்கேயேதான் இருந்திருக்கிறாள்.
நான் நகர நகர அவளும் நகர்ந்து
தூண் விட்ட நிழலைத் தாண்டவே இல்லை.
நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.
நன்றாகவே பார்த்தேன்.

பணம் வரப் பதினான்கு மாதம்.
இடையில் இன்னொரு புள்ளி, ஆரஞ்சு.
நேர்ச் சாலையை ஏன் கோணலாக்குகிறீர்கள் என்று
நிலம் கொடுத்த ஸ்டேவ்லி கடைசிவரை முணுமுணுத்தார்.
ஒரு கையைப் பெயர்த்து அறுபது அடி தள்ளி வைத்தோம்.
இப்போது யாரும் நிற்காமல் கடக்க முடியாது.
மூன்று வருடமாக அங்கே நான் எதுவும் வைக்கவில்லை.

முடிந்த படிவங்களைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை.
பல் மருத்துவர் இன்னும்
சரியாகப் பார்க்காதவராகவே கோப்பில் இருக்கிறார்.
விதிக்குப் புறம்பாக ஒன்பது பேருக்குக் கடிதம் போட்டேன்.
இருவர் பதில் எழுதினார்கள்.
ஒருவர் உறையைப் பிரிக்காமலே திருப்பினார்.
தாதி தொலைபேசியில் அழைத்தாள்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு கேட்டாள்,
"எந்தப் பக்கத் தூண்?"