நாற்பது மீட்டர் தள்ளி

ஃபைலைத் திறந்தால் திரை முழுக்கக் கறுப்பு.
இடது மூலையில் கொசு உட்கார்ந்த அளவுக்கு ஏதோ ஒன்று.
வலது மூலையில், உச்சியில்,
அதைவிடச் சிறிசாய் இன்னொன்று. தூசியாக இருக்கும்.

ஓசூர், சிப்காட் இரண்டாம் பேஸ். இரவு ஒன்பதே கால்.
விடிவதற்குள் அறுநூறு ஸ்டிக்கர்,
நூற்றைம்பது டன் பிரஸ்களின் நெற்றியில் ஒட்ட.
பாகலூர் ரோட்டில் ரோஜா ஏற்றிய வண்டி
குளிரை உறுமிக்கொண்டு போகிறது.

கொசுவைப் பெரிதாக்கினேன்.
ஒரு முக்கோணம், ஒரு பல்சக்கரம்,
அதை நோக்கி நீண்ட ஒரு கை.

கேட் கோட்டுக்கு உடம்பில்லை.
இரும்பு எங்கே முடிகிறதென்று சொல்ல
ஒரு விளிம்பு போதும் அவர்களுக்கு.
எனக்கு மை வேண்டும்.
மைக்குப் படுக்க அகலம் வேண்டும்.

முக்கோணத்தில் மஞ்சளை ஊற்றினேன், நிற்கவில்லை.
மூன்றாம் முனையில் மயிரிழை வாய் திறந்திருந்தது.
தைத்தேன். நிறைந்தது.
வெட்டுக்கோடு ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு;
விட்டிருந்தால் பிளாட்டர் கத்தி
போன தடத்திலேயே இன்னொரு முறை போய்
அடித்தாளையும் அறுத்திருக்கும்.
ஒன்றை எடுத்தேன்.
கறுப்பை மஞ்சளின் மேலேயே ஏறச் சொன்னேன்.
இரண்டும் விளிம்பில் முட்டி நின்றால்
சட்டம் அரை நூல் அசைந்தாலும்
நடுவே வெள்ளைப் பல் தெரியும்.
சுற்றிலும் மூன்று மில்லி மஞ்சள், வெட்டுப்படுவதற்கென்றே.

பிறகுதான் எழுத்துக்கு வந்தேன்.
புனேயில் யாரோ அதை உடைத்து
வளைவுகளாக அனுப்பியிருக்கிறார்கள்,
எந்தக் கணினியிலும் மாறாதிருக்க.
மாறவில்லைதான். படித்தேன்:

உள்ளே கை வைக்க

இன்னொரு முறை படித்தேன்.
அழைப்பிதழ் மாதிரி இருந்தது.

ஜோக்ளேகரை எழுப்பினேன்.
"டிராயிங் அப்ரூவ் ஆயிடுச்சு மேடம், ரெவ் சி.
எதையும் தொடாதீங்க" என்றார் இந்தியில்.
என்ன எழுதியிருக்கிறதென்று தெரியுமா, கேட்டேன்.
"வார்னிங்" என்றார்.

மௌஸ் எங்கெங்கோ அலைந்து
வலது மூலைத் தூசியில் போய் நின்றது.
அழிக்கும் விசையில் விரல் வைத்தபடியேதான்
பெரிதாக்கினேன் அதை.

ஒரு துணைக்கால்.
துணைக்கு யாருமில்லாமல்.
பக்கத்தில் ஒரு தே.

பெட்டிக்குள் இடம் போதாமல்
வரி உடைந்து, உதறப்பட்டு,
நாற்பது மீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது.
அந்த அளவில் அச்சடித்தால்
நம் கேட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி,
பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கும்
அந்த வேண்டாம்.

பிடித்து இழுத்துவந்தேன்.
க-வின் அருகில் உட்காரவைத்தேன்.
ரெவ் சி-யைத் தொட்டுவிட்டேன்.

புரூஃப் தாளை முனிரத்னம் வாங்கினார்.
கன்னடப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுத்து கூடாது.
பதினோரு வருடம் பிரஸ் ஓட்டிவிட்டு
இப்போது எங்களுக்கு ஸ்கிரீன் இழுக்கிறார்.
ஸ்க்வீஜியை வலது கையில் பிடிக்கமாட்டார்.
டியூப்லைட்டுக்குக் கீழே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கைக்கு நாலு விரல்தான் இருக்கு."

எண்ணினேன். நாலு.
இத்தனை நேரம் அதற்குத்தான்
வளைவு சரிசெய்து மை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"இவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு போயிருக்கு," என்றார்,
"ஸ்டிக்கர் லேட்டா வந்திருக்கு."
சிரித்தது அவர்தான் முதலில்.

சுண்டுவிரலுக்கு எந்த அளவும் வரைபடத்தில் இல்லை.
என் கையை மானிட்டரோடு ஒட்டிவைத்துப் பார்த்து
வரைந்தேன். கொஞ்சம் நீளமாய்ப் போய்விட்டது.
அப்படியே விட்டேன்.

மூன்று மணிக்கு ரேக்கில் காய்கின்றன
முதல் இருநூறு கைகள்.
மஞ்சள் இன்னும் ஒட்டுகிறது.