பதினாறு எண்ணூறு

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று
உத்தரவு வந்த அன்று
கருவூலத்தில் ஆளாளுக்கு முகத்தைத் தொங்கப் போட்டார்கள்.
நான் ஒரு முதுகுப்பை வாங்கினேன்.

ஐம்பத்தைந்து லிட்டர் என்றான் மதுரைக் கடைக்காரன்.
பையா குடமா என்று கேட்டேன்.
கொள்ளளவு மேடம், என்றான், சிரிக்காமல்.
இடம் இருந்தால் நிரப்பிவிடுவது என் சுபாவம்.
இருபது சேலைக்கான பீரோவில்
அறுபது வைத்திருப்பவள்.

மாசி, இரண்டாம் சனி. மூக்கையூர்.
வாடை ஓய்ந்து
கடல் சத்தமில்லாமல் கிடந்தது.
ஏலம் முடிகிற நேரம்.
எடை போடும் முத்துராக்கு
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"என்னக்கா, போர்வை வியாபாரமா?"
வாலிநோக்கம் வரை நடக்கப் போகிறேன் என்றேன்.
"பஸ் இருக்கே."
இருக்கிறது.

அதற்கு மேல் கேட்கவில்லை.
பையைக் கழற்றி வாங்கி
சீலா மீன் கிடந்த தட்டில்
பொத்தென்று வைத்தாள்.
சிவப்பு எண்கள் தடுமாறி நின்றன:
பதினாறு எண்ணூறு.

"நீ எத்தன கிலோ?"
"ஐம்பத்தி நாலு."
"தூக்கிவிட ஆள் கேக்குற கூடை
இறக்கிவிடவும் ஆள் கேக்கும்க்கா.
அந்த மணல் மேட்டுக்குள்ள யாரக் கூப்புடுவ?"

ஐஸ் உருகிய ஈரத் தரையில்
சாக்கு விரித்து எல்லாவற்றையும் எடுத்தோம்.
மூன்று ஜீன்ஸ்.
ஒரு டார்ச், அது எரியாவிட்டால் இன்னொரு டார்ச்.
இட்லிப் பொடி அரைக் கிலோ. இட்லி எங்கே என்றாள்.
மடக்கு நாற்காலி.
கணுக்காலை மூடும் பூட்ஸ்,
ஐயாயிரத்து முந்நூறு ரூபாய்,
மலையே இல்லாத ஜில்லாவில்.

ஏலம் கூறும் தொம்மைக்குத் தொண்டை அடங்கவில்லை.
நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி
ஒரு தரம், ரெண்டு தரம் என்றார்.
ஐஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை
இருநூற்று இருபதுக்கு எடுத்து
அங்கேயே விரித்து உட்கார்ந்துகொண்டார்.
பூட்சைக் கேட்க நாதியில்லை.
"மண்ணை அள்ளி உள்ள வச்சுக்கிற செருப்பு."
என் ரப்பர் செருப்பைக் காட்டி
இது போதும் என்றார்கள்.

ஒன்பது இருநூறு.
அதில் நாலு கிலோ தண்ணீர்.
பாட்டிலில் ஒன்றைக் குறைக்கப் போனேன்,
கையைத் தட்டிவிட்டாள்.
"தண்ணில மட்டும் கை வைக்காத."

இடுப்புப் பட்டையை அவளே இறுக்கினாள்.
"தோள்ல தொங்க விடாத,
புள்ளையத் தூக்குற எடத்துல தூக்கு."
நான் பிள்ளை தூக்கியதில்லை.
சொல்லவில்லை.
எடை தோளிலிருந்து இறங்கி
இடுப்பெலும்பில் ஏறி உட்கார்ந்தது,
உட்காரத் தெரிந்ததுபோல.

வலப்பக்கம் கடல். இடப்பக்கம் கருவேலம்.
ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை
பனை நிழலில் ஒரு மடக்கு.
வேறு ஒன்றும் நடக்கவில்லை, நான் நடந்ததைத் தவிர.

ராத்திரிதான் கூடாரம் காலை வாரியது.
அலுமினிய முளைகள் மணலில்
பால்பல் மாதிரி ஆடி ஆடிக் கழன்றன.
முத்துராக்கு கண்ணில் படாமல்
ஒரு ஜீன்சை ஒளித்துக் கொண்டுவந்திருந்தேன்.
இரண்டு காலிலும் மணல் நிரப்பி
முடிச்சுப் போட்டுப் புதைத்து
அதில் கயிற்றைக் கட்டினேன்.
யாரோ என்னை இடுப்புவரை
கடற்கரையில் நட்டுவைத்தது போலிருந்தது.
நின்றது.

நாலாயிரம் ரூபாய்க் காற்று மெத்தையை
ஒரு கருவேல முள் முடித்துவைத்தது.
உள்ளே இருந்த காற்று
வெளியே இருந்த காற்றோடு சேர்ந்துகொண்டது.
அதற்குப் பிறகு முதுகுக்குத்
தரையின் மேடு பள்ளமெல்லாம் மனப்பாடம்.

விடியற்காலை பசித்தது.
பையின் பக்கவாட்டுப் பொட்டலத்தில் கைவிட்டால்
தினத்தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாடு.
கால் கிலோ இருக்கும்.
அப்போதே நினைத்தேன்,
நடக்க நடக்கக் குறைய வேண்டியது
ஏன் குறையவில்லை என்று.

ஒன்பது இருநூறு பொய்.
வாலிநோக்கத்தில் தராசு இருந்தால்
ஏறிப் பார்க்க வேண்டும்,
பையோடு ஒருமுறை,
பையில்லாமல் ஒருமுறை.